அவுட்போர்டு மோட்டாரில் கரண்ட் பலவீனமா? பிளக்கிலிருந்து பிளைவீல் வரை தேடும் முறை

கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் மோட்டார் ஓரிரு தடவை முனகிவிட்டு நின்றுவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி இஞ்சின் மேல் சாய்த்து வைத்து இழுத்துப் பார்த்தால் கரண்ட், அதாவது பொறி, அடிக்கிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் இரண்டில் ஒரு தவறான வழியில் போகிறார்கள். ஒரு சாரார், கரண்ட் வருகிறது, கோளாறு எண்ணெயில்தான் என்று கார்புரேட்டரைப் பிரிக்கத் தொடங்குகிறார்கள். இன்னொரு சாரார், பொறி மங்கலாக இருக்கிறது, சிடிஐ (பொறிக்கான மின்சாரத்தைச் சேர்த்துவைத்துப் பாய்ச்சும் பெட்டி) போய்விட்டது என்று முடிவுகட்டி, அந்த மோட்டாரிலேயே விலை கூடிய மின் உதிரிப்பாகத்தை வாங்கி வருகிறார்கள். அதை மாட்டிய பிறகும் மோட்டார் பழையபடியே முனகினால், கடைக்காரர் அதைத் திரும்ப வாங்குவது அரிது. மின்பாகங்களைப் பல கடைகள் திரும்ப எடுப்பதில்லை.

பலவீனமான கரண்டுக்குக் காரணம் பெரும்பாலும் உப்பும் ஈரமும் தொட்ட மலிவான பாகங்கள்தான்: கரி பிடித்த பிளக், பச்சை பூத்த இணைப்பு, தளர்ந்த எர்த், கசியும் ஸ்டாப் சுவிட்ச், அரித்துப்போன பிளக் கேப். சிடிஐயும் பழுதாகும். ஆனால் மற்ற எல்லாவற்றையும் சோதித்துத் தள்ளிய பிறகே அதன் மீது பழி போட வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசை முழுவதும் அந்த ஒரே எண்ணத்தில் அமைந்தது.

இங்கே சொல்வது 8 முதல் 40 குதிரைத்திறன் வரையிலான, கயிறு இழுத்துக் கிளப்பும், இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், சிடிஐ மோட்டார்களுக்கு. குமரி, தூத்துக்குடி கரைகளிலும் மன்னார், யாழ்ப்பாணக் கரைகளிலும் ஃபைபர் படகுகளின் பின்னால் பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார்கள் பெரும்பாலும் இந்த வகை. கணினி வழியே எரிபொருள் பீச்சும் ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார்களுக்கு வேறு முறை, வேறு கருவிகள்.

கரண்ட் பிறந்து போகும் பாதை

பிளைவீலின் உட்புறத்தில் காந்தங்கள் பதிந்திருக்கின்றன. அது சுழலும்போது, அடியில் நிலையாக இருக்கும் சார்ஜ் காயிலில் மாறுமின்சாரம் பிறக்கிறது. கயிறு இழுக்கும் வேகத்திலேயே இது நூறு வோல்ட்டைத் தாண்டும். சிடிஐ பெட்டி அதை நேர்மின்சாரமாக மாற்றி உள்ளே ஒரு மின்தேக்கியில் சேர்த்துவைக்கிறது. பிஸ்டன் மேலே வரும் தருணத்தில் பல்சர் காயில் ஒரு சிறு சைகை அனுப்புகிறது. உடனே சிடிஐக்குள் இருக்கும் தைரிஸ்டர் என்ற மின்னணு சுவிட்ச் திறந்து, சேர்ந்திருந்த மின்சாரம் முழுவதையும் இக்னிஷன் காயிலின் பிரைமரி சுருளில் கொட்டிவிடுகிறது. செகண்டரி சுருளில் அது பல்லாயிரம் வோல்ட்டாகப் பெருகி, ஹைடென்ஷன் வயர், பிளக் கேப் வழியே பிளக்கின் நுனிக்குப் போய்ப் பாய்கிறது. பிறகு இஞ்சின் உலோகத்தின் வழியாகத் திரும்பி வருகிறது. இந்தத் திரும்பும் பாதைதான் எர்த்.

நிறுத்துவதற்கும் ஒரு வயர் உண்டு. ஸ்டாப் பொத்தானை அழுத்தினாலோ, உயிர்க்கயிற்றின் (ஓட்டுபவர் உடலோடு கட்டிக்கொள்ளும் நிறுத்தும் கயிறு) கிளிப்பை உருவினாலோ, சிடிஐக்கு வரும் மின்சாரம் எர்த்துக்குத் திருப்பிவிடப்படுகிறது. காரில் சாவியைத் திருப்பினால் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. இங்கே மின்சாரம் எர்த்தில் தொட்டுக் கொல்லப்படுகிறது. இந்த வேறுபாட்டை மனதில் வையுங்கள். மூன்றாம் படி முழுவதும் இதை நம்பித்தான் இருக்கிறது.

வெளியே அடிக்கும் பொறி ஏன் ஏமாற்றுகிறது

காற்றின் அழுத்தம் கூடக்கூட, அதே இடைவெளியைத் தாண்ட அதிக மின்னழுத்தம் வேண்டும். ஜெர்மன் இயற்பியலாளர் பிரீட்ரிக் பாஷன் 1889இல் வகுத்த விதி இது. வெளியே திறந்த காற்றில் 1 மில்லிமீட்டர் பிளக் இடைவெளியைத் தாண்ட மூன்று நான்காயிரம் வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலே வரும்போது கலவை ஐந்தாறு மடங்கு நெருக்கமாகிவிடுகிறது. தேவையும் அதற்கேற்பப் பல மடங்கு ஏறுகிறது. ஆக, வெளியே அழகாக அடிக்கும் பிளக் உள்ளே மாட்டியதும் ஊமையாகிவிட முடியும். பிளக்கை இஞ்சின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கமான சோதனை, கரண்ட் அறவே இல்லையா என்பதை மட்டும் சொல்லும். போதுமான பலம் இருக்கிறதா என்பதைச் சொல்லாது.

நிறத்தையும் முழுதாக நம்பக்கூடாது. நீலமும் வெள்ளையும் கலந்து சடக்கென்று சத்தத்தோடு பாய்வது நல்ல பொறி, மஞ்சளாக நூல்போல இழைவது நலிந்த பொறி என்பது பொதுவாகச் சரிதான். ஆனால் கடற்கரையில் ஒரு சிக்கல் உண்டு. பிளக் நுனியிலோ சோதனைக் கருவியின் முனையிலோ துளி உப்பு ஒட்டியிருந்தால், அதிலுள்ள சோடியம் ஒளிர்ந்து பொறியை மஞ்சளாக்கிவிடும். பலமான பொறியும் பார்வைக்கு நலிந்ததாகத் தெரியும். வெயிலில் பார்த்தாலோ நல்ல பொறிகூட மங்கும். நம்ப வேண்டியது தூரத்தை: பொறி எத்தனை மில்லிமீட்டரைத் தடுமாறாமல் தாண்டுகிறது என்பதே பலத்தின் அளவு.

கை வைக்கும் முன்

பிளக்கைக் கழற்றிக் கயிறு இழுத்தால், பிளக் ஓட்டை வழியே பெட்ரோல் ஆவி பீய்ச்சும். அதற்குப் பக்கத்திலேயே பொறி அடித்தால் தீப்பிடிக்கும். எரிபொருள் குழாயைக் கழற்றி டாங்கைத் தள்ளி வையுங்கள். ஓட்டைகளைத் துணியால் அடையுங்கள், அல்லது பழைய பிளக்குகளைத் திருகி மூடுங்கள். பொறி அடிக்கும் இடம் ஓட்டைகளிலிருந்து விலகி இருக்கட்டும். மூடிக்குள் தங்கிய ஆவி கலைய, மேல்மூடியைத் திறந்து சற்று நேரம் காற்றாட விடுங்கள்.

கையால் வயரைப் பிடித்துக் கரண்ட் பார்ப்பது பெருமையாகச் சொல்லப்படும் பழக்கம். அதை விட்டுவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இந்த வேலையின் அருகிலேயே நிற்கக்கூடாது. சிடிஐக்கும் காயிலுக்கும் இடையே ஓடும் மின்சாரமே சில நூறு வோல்ட் இருக்கும். ஈரக் கையும் ஈர மணலும் அதற்கு வழிவிடும்.

இன்னொன்று: ஹைடென்ஷன் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டு ஒருபோதும் கயிறு இழுக்காதீர்கள். போக வழியில்லாத மின்னழுத்தம் காயிலின் உட்காப்பைத் துளைத்துவிடும். சோதிக்காத வயரின் கேப்பில் ஒரு பிளக்கை மாட்டி, அதன் உலோக உடலை இஞ்சினோடு கிளிப் வயரால் இணைத்து வையுங்கள்.

தேவையான கருவிகள்: பிளக் ஸ்பேனர், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடுகள்), மல்டிமீட்டர், இடைவெளி மாற்றக்கூடிய ஸ்பார்க் டெஸ்டர், நைஸ் எமரி பேப்பர், முதலைக் கிளிப் வைத்த இரண்டு வயர்கள்.

படி 1: பிளக்

இரண்டு பிளக்கையும் கழற்றி, எது எந்த சிலிண்டரில் இருந்தது என்று தெரியும்படி பக்கத்துப் பக்கமாக வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்பதே முதல் கேள்வி. ஒன்று காய்ந்த பழுப்பாகவும் மற்றொன்று கருப்பாக ஈரமாகவும் இருந்தால், கோளாறு ஒரு சிலிண்டரோடு நிற்கிறது. இரண்டும் ஈரமாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில் தேட வேண்டும், அல்லது சோக் இழுத்து இழுத்து எண்ணெய் நிரம்பியிருக்கிறது.

மண்ணெண்ணெய் ஓட்டத்தில் கரி கூடுதலாகப் படியும். பெட்ரோலில் கிளப்பி நன்றாகச் சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், கரை சேரும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றி ஓடவிட்டு நிறுத்துவதும் பிளக்கைக் காக்கும் வழக்கம். குளிர்ந்த இஞ்சினில் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. ஈரக் கரியாகப் பீங்கான் மேல் படியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். அப்போது மின்னழுத்தம் பொறியாகும் அளவுக்கு ஏறும் முன்பே, கரியின் வழியாக உலோகத்துக்கு வழிந்துவிடுகிறது. நல்ல சிடிஐ, நல்ல காயில் இருந்தும் கரண்ட் பலவீனமாகத் தெரிவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இது.

மல்டிமீட்டரை மிக உயர்ந்த ஓம் அளவில் வைத்து, பிளக்கின் நடு முனைக்கும் உலோக உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள். நல்ல பிளக்கில் மீட்டர் எதையும் காட்டாது. ஏதாவது ஓர் எண் நின்றால், கரியோ விரிசலோ மின்சாரத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். பிறகு பீங்கானின் வெளிப்பக்கத்தைத் துடைத்து வெளிச்சத்தில் சுற்றிப் பாருங்கள். உச்சியிலிருந்து உலோக வளையம் வரை பென்சிலால் இழுத்தது போன்ற மெல்லிய கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் கேப்புக்குள்ளேயே வெளிவழியாகப் பாய்ந்திருக்கிறது. அந்தக் கோட்டை எத்தனை துடைத்தாலும் போகாது. பிளக்கும் வேண்டாம், அது மாட்டியிருந்த கேப்பும் வேண்டாம்.

புதிய பிளக் வாங்கும்போது எண்ணை எழுத்துக்கு எழுத்து பார்த்து வாங்குங்கள். என்ஜிகே வகையில் பி7ஹெச்எஸ்-10 என்றால், பி என்பது 14 மில்லிமீட்டர் மரை, 7 வெப்ப எண், ஹெச் என்பது 12.7 மில்லிமீட்டர் மரை நீளம், கடைசியில் வரும் 10 என்பது 1.0 மில்லிமீட்டர் இடைவெளி. நடுவில் ஆர் சேர்ந்தால் உள்ளே மின்தடை உள்ள பிளக். கையேடு ஆர் உள்ள பிளக்கைச் சொல்லியிருந்தால் அதையே போட வேண்டும். இல்லாவிட்டால் மின் இரைச்சல் சிடிஐயைக் குழப்பும், மீன் காட்டும் கருவியிலும் வாக்கி டாக்கியிலும் கேட்கும். வெப்ப எண்ணை விருப்பப்படி மாற்றாதீர்கள். எண் கூடினால் பிளக் குளிர்ச்சியாகும், கரி விரைவில் படியும். குறைந்தால் நுனி அளவுமீறிச் சூடாகிப் பிஸ்டனையே ஓட்டையாக்கக்கூடும்.

பழைய பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து மீண்டும் போடுவதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தூரிகை பீங்கானில் விடும் உலோகத் துகள்களே புதிய கசிவாகிவிடும். சோதனை தொடங்கும் முன் இரண்டு புதிய பிளக்குகளைப் போடுவது, அடுத்த படிகளில் வரும் பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும்.

படி 2: இடைவெளிச் சோதனை

ஸ்பார்க் டெஸ்டரின் ஒரு முனையை இஞ்சினின் பளிச்சென்ற உலோகத்தில் கிளிப் செய்யுங்கள். மறுமுனையில் பிளக் கேப்பை மாட்டுங்கள். யமஹாவின் பல கையேடுகள் 9 மில்லிமீட்டர் இடைவெளியைச் சொல்கின்றன. பழைய எவின்ரூட், ஜான்சன் சிடிஐ மோட்டார்களுக்கு 7/16 அங்குலம், அதாவது 11 மில்லிமீட்டர். 5 மில்லிமீட்டரில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள். கையேடு சொல்லும் அளவுக்கு மேல் திறக்காதீர்கள்.

நிழலில் வைத்துப் பாருங்கள். முழு இழுப்பில், கையேட்டு அளவில், ஒவ்வொரு சுற்றிலும் விடாமல் பொறி பாய்ந்தால் மின்பகுதி நலமாக இருக்கிறது. கார்புரேட்டர், கம்ப்ரஷன், ரீட் வால்வு பக்கம் போகலாம். 5 மில்லிமீட்டரைத் தாண்டி 9ஐத் தாண்டாமல் நின்றால் அதுதான் பலவீனமான கரண்ட். விட்டுவிட்டு அடித்தால் பெரும்பாலும் இணைப்புகளைச் சந்தேகிக்க வேண்டும்.

இழுப்பின் வேகம் இங்கே முக்கியம். சார்ஜ் காயிலில் பிறக்கும் மின்சாரம் சுழற்சி வேகத்தைப் பொறுத்தது. இரண்டு பிளக்கும் கழற்றியிருக்கும்போது இஞ்சின் லேசாகச் சுற்றும், பொறி நன்றாகவே இருக்கும். பிளக்குகளை மாட்டியதும் கம்ப்ரஷன் எதிர்க்கும், வேகம் பாதியாகும், பொறியும் குன்றும். அதனால் ஒருமுறை ஓட்டைகளைப் பழைய பிளக்குகளால் மூடிய நிலையிலும் இழுத்துப் பாருங்கள். பிளக் இல்லாதபோது அடித்து, மூடியதும் அடிக்காவிட்டால், சார்ஜ் காயிலோ காந்தமோ விளிம்பில் நிற்கிறது என்பதற்கு இது முதல் அறிகுறி.

படி 3: ஸ்டாப் வயரைப் பிரித்துப் பாருங்கள்

ஐந்து நிமிட வேலை, ஒரு காசு செலவில்லை. ஆனாலும் பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். முதலில் உயிர்க்கயிற்றின் கிளிப் அதன் இடத்தில் முழுதாக அமர்ந்திருக்கிறதா பாருங்கள். பிறகு சிடிஐயிலிருந்து ஸ்டாப் சுவிட்சுக்குப் போகும் வயரை அதன் இணைப்பில் கழற்றுங்கள். யமஹாவில் அது வெள்ளை. மெர்குரி, எவின்ரூட், ஜான்சனில் கருப்பில் மஞ்சள் கோடு. கழற்றிய முனை எதிலும் படாமல் டேப் சுற்றி வைத்து, படி 2ஐ மீண்டும் செய்யுங்கள்.

பொறி உயிர்பெற்றுவிட்டால் சிடிஐ நலம், காயில் நலம். சுவிட்சுக்குள்ளோ, கைப்பிடி வழியே போகும் வயரிலோ உப்புநீர் புகுந்து, மின்சாரத்தின் ஒரு பகுதியை எர்த்தில் கசியவிடுகிறது. கரையில் காய்ந்து கிடக்கும்போது ஒழுங்காக ஓடி, அலை தெறித்த பிறகு மட்டும் மக்கர் செய்யும் மோட்டார்களில் இந்தக் கசிவைத்தான் முதலில் தேட வேண்டும். உறுதிசெய்ய, கழற்றிய சுவிட்ச் பக்க வயருக்கும் எர்த்துக்கும் இடையே மெகாஓம் அளவில் பாருங்கள். கிளிப் மாட்டிய நிலையில் மீட்டர் எதையும் காட்டக்கூடாது.

சுவிட்சைக் கழற்றி எறிந்துவிட்டு அப்படியே கடலுக்குப் போகும் வழக்கம் சில கரைகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் படகை நிறுத்துவது அந்த ஒரு கிளிப்தான்; ஆளில்லாத படகு வட்டமடித்து விழுந்தவர் மேலேயே திரும்பும். சோதனைக்காக வயரைப் பிரித்த நிலையில் மோட்டார் கிளம்பிவிட்டால், சோக்கை முழுவதும் இழுத்து மூச்சடைக்கச் செய்து நிறுத்துங்கள். சோதனை முடிந்ததும் புதிய சுவிட்ச் போட்டு வயரை மீண்டும் இணையுங்கள்.

படி 4: எர்த்தும் இணைப்புகளும்

சிடிஐயின் கருப்பு வயர் இஞ்சின் உடலில் எங்கே போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். காயிலின் எர்த்தும் அதே போல்ட்டிலோ பக்கத்திலோ இருக்கும். மேலோட்டமாகப் பார்த்து நன்றாக இருக்கிறது என்று விடாதீர்கள். அலுமினியமும் செம்பும் உப்பீரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும்; போல்ட் இறுக்கமாக இருக்கும், அடியில் வெள்ளை மாவு படிந்திருக்கும். போல்ட்டைக் கழற்றி, வளையத்தையும் அது அமரும் இடத்தையும் பளபளக்கும் வரை எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே வாசலைன் அல்லது கிரீஸ் பூசுங்கள். தொடும் முகங்களுக்கு நடுவே தடிப்பாகப் பூச வேண்டாம்.

அடுத்து ஒவ்வொரு புல்லட் இணைப்பையும் இழுத்துப் பிரியுங்கள். பச்சை பூத்திருந்தால், தேய்ப்பதற்கு முன் வயரின் உறையை ஒரு சென்டிமீட்டர் சீவிப் பாருங்கள். உள்ளே செம்பிழைகள் கறுத்திருந்தால், ஈரம் உறைக்குள் ஏறியிருக்கிறது. சிவப்பாகப் பளிச்சென்ற செம்பு வரும் வரை வெட்டித் தள்ளிவிட்டு, புதிய முனை அழுத்தி, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். இன்சுலேஷன் டேப் ஈரத்தை வெளியே நிறுத்தாது, உள்ளே பூட்டிவைக்கும்.

எர்த் போல்ட்டுக்கும் பிளக் அமரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே மீட்டரில் அளந்தால் கிட்டத்தட்ட சுழியம் ஓம் வர வேண்டும்.

படி 5: கேப், வயர், காயில்

பிளக் கேப்பை வயரிலிருந்து இடஞ்சுழியாகத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே ஒரு திருகாணி முனை வயரின் நடுச் செம்பில் ஏறி நிற்கும். அந்த இடத்தைக் கூர்ந்து பாருங்கள்: செம்பு பச்சைத் தூளாக உதிர்ந்திருக்கும், அல்லது முனையைச் சுற்றி ரப்பர் கருகிக் குழியாகியிருக்கும். பொறி பிளக்கில் அடிக்க வேண்டிய பலத்தில் ஒரு பகுதி இந்தக் குழியைத் தாண்டவே செலவாகிறது. வயரின் நுனியில் ஐந்து மில்லிமீட்டர் வெட்டினால் பெரும்பாலும் புதிய செம்பு வந்துவிடும். வயர் குட்டையாகிவிடாமல் பார்த்துக்கொண்டு, கேப்பை வலஞ்சுழியாகத் திருகி ஏற்றுங்கள். மின்தடை உள்ள கேப் என்றால் இரு முனைக்கும் இடையே சுமார் 5 கிலோஓம் இருக்கும். மீட்டர் திறந்த சுற்று காட்டினாலோ, ஆட்டும்போது எண் குதித்தாலோ தூக்கிப் போடுங்கள்.

வயரிலும் கேப்பிலும் கசிவு இருக்கிறதா என்று பார்க்க இரவே நல்ல நேரம். ஆவியெல்லாம் கலைந்த பிறகு, வயர்களின் மேல் நல்ல தண்ணீரைப் பூந்தூறலாகத் தெளித்து, இன்னொருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். கசியும் இடத்தில் நீல மினுக்கு தெரியும், டிக் டிக் என்ற சத்தமும் கேட்கும்.

இக்னிஷன் காயிலை அளக்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பிரைமரி சுருளின் மின்தடை ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும். மீட்டரின் இரு கம்பிகளையும் சேர்த்துப் பிடித்தாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள். செகண்டரி சில ஆயிரம் ஓம் இருக்கும். கேப்பைக் கழற்றிவிட்டு அளக்க வேண்டும். கையேட்டு எண்கள் 20 டிகிரி வெப்பத்துக்கானவை. செம்பின் மின்தடை டிகிரிக்கு சுமார் 0.4 விழுக்காடு ஏறும். நம் கரையின் 35 டிகிரியில், 300 ஓம் இருக்க வேண்டிய சுருள் 318 ஓம் காட்டினால் அது பழுதல்ல.

பல சிறிய இரட்டை சிலிண்டர் மோட்டார்களில் காயில் ஒன்றுதான், அதிலிருந்து இரண்டு ஹைடென்ஷன் வயர்கள் வெளியேறும். இரண்டு பிளக்கும் ஒரே நேரத்தில் அடிக்கும். மின்சாரம் ஒரு பிளக் வழியே இறங்கி, சிலிண்டர் ஹெட்டைக் கடந்து, மறு பிளக் வழியே காயிலுக்குத் திரும்புகிறது. எனவே ஒரு பக்கத்துக் கேப் அறுந்தாலும் மறுபக்கமும் நலியும். இத்தகைய காயிலில் செகண்டரியை இரண்டு ஹைடென்ஷன் வயர்களுக்கு இடையே அளக்க வேண்டும். எர்த்துக்கு அளந்து, காயில் அறுந்துவிட்டது என்று தூக்கி எறியாதீர்கள்.

ஓம் சரியாக இருப்பதால் மட்டும் காயில் நல்லது என்று உறுதியாகாது. மீட்டரின் சொற்ப வோல்ட்டில் தெரியாத கசிவு, இருபதாயிரம் வோல்ட்டில் வெளிப்படும். காயிலின் உடலில் மயிரிழை விரிசலோ சாம்பல் கோடோ இருந்தால் அந்த எண்களை நம்ப வேண்டாம்.

படி 6: ஒரு சிலிண்டரா, இரண்டுமா?

தனித்தனிக் காயில் உள்ள மோட்டார் என்றால் இந்தக் கேள்வி வேலையைப் பாதியாக்கும். ஒரு சிலிண்டரில் மட்டும் கரண்ட் பலவீனம் என்றால், இரண்டு காயில்களையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு காயிலோடு சேர்ந்து இடம் மாறினால் குற்றவாளி காயில். பழைய சிலிண்டரிலேயே நின்றால் அந்த சிலிண்டருக்கான பல்சரும் சிடிஐயின் அந்தப் பாதியும் சந்தேகத்தில் நிற்கின்றன. பல்சர்களின் வயர்களை இடம் மாற்றிப் பார்த்தால் அதுவும் பிரிந்துவிடும். இந்த மாற்றம் பொறி பார்ப்பதற்கு மட்டும். அப்படியே கிளப்பினால் டைமிங் தவறும். இரண்டு சிலிண்டரிலும் ஒன்றாக நலிந்தால், பொதுவானவற்றைத் தேடுங்கள்: சார்ஜ் காயில், காந்தம், எர்த், ஸ்டாப் வயர்.

படி 7: பிளைவீலுக்கு அடியில்

முதலில் பிளைவீலைக் கழற்றாமலே, சார்ஜ் காயிலின் வயர்களை சிடிஐயிலிருந்து பிரித்து ஓம் அளவிடுங்கள். இந்த எண் மாடலுக்கு மாடல் பெரிதும் மாறும். உங்கள் மோட்டாரின் கையேட்டைப் பாராமல் முடிவு சொல்ல வழியில்லை. சுருளுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அளங்கள். எர்த்தோடு இணையாத வகை என்றால் மீட்டர் அசையக்கூடாது. பழைய மோட்டார்கள் சிலவற்றில் குறைந்த வேகத்துக்கு ஒரு சுருள், உயர்ந்த வேகத்துக்கு இன்னொன்று இருக்கும். முதலாவது நலிந்தால் கிளம்பாது. இரண்டாவது நலிந்தால் கிளம்பி ஓடி, முறுக்கும்போது திக்கும்.

ஓமைவிடத் தெளிவான சாட்சி, இழுக்கும்போது பிறக்கும் உச்ச வோல்ட். சாதாரண மல்டிமீட்டரின் ஏசி அளவு இந்தத் துடிப்புகளைக் குறைத்தே காட்டும். உச்ச மின்னழுத்தம் பிடிக்கும் அடாப்டரை மீட்டரில் சேர்த்து டிசி அளவில் பார்த்தால்தான் கையேட்டு எண்ணோடு ஒப்பிட முடியும். சார்ஜ் காயிலில் நூறு வோல்ட்டுக்கு மேலும், பல்சரில் சில வோல்ட்டும் வரும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. வயரைப் பிரித்து ஒருமுறை, சிடிஐயில் இணைத்தபடி ஒருமுறை அளங்கள். பிரித்தால் நன்றாக வந்து, இணைத்ததும் சரிந்தால், சிடிஐயோ ஸ்டாப் வயரோ அதை இழுத்துச் சாய்க்கிறது. இரண்டிலும் குறைவு என்றால் காயிலோ காந்தமோ.

அதன்பிறகுதான் பிளைவீலைத் தூக்க வேண்டும், அதுவும் புல்லர் போட்டு. கிராங்க் நுனியில் சுத்தியலால் அடிப்பது பேரிங்கைக் கெடுக்கும், ஒட்டியிருக்கும் காந்தங்களைப் பெயர்க்கும். உள்ளே மூன்றைப் பாருங்கள். காந்தங்கள் விரிசலின்றி, ஆடாமல், துருத்தூள் ஒட்டாமல் இருக்கின்றனவா. காயிலின் இரும்புத் தகடுகள் துருவேறி உப்பி, காந்தத்தில் உரசிய தடம் இருக்கிறதா. கிராங்கின் சாவி (பிளைவீலைக் கிராங்கோடு பூட்டும் சிறு உலோகத் துண்டு) பாதி வெட்டுப்பட்டிருக்கிறதா. சாவி நகர்ந்திருந்தால் கரண்ட் பலமாகவே இருக்கும், ஆனால் தப்பான நேரத்தில் அடிக்கும். கயிறு கையிலிருந்து வெடுக்கென்று பின்னுக்கு இழுபடுவது அதன் அடையாளம். திரும்ப மாட்டும்போது கிராங்கின் கூம்பையும் பிளைவீலின் துளையையும் எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, கையேடு சொல்லும் டார்க்கில் நட்டை இறுக்குங்கள்.

சூடானால் நிற்கும் மோட்டார்

காலையில் ஓர் இழுப்பில் கிளம்பும், ஒரு மணி நேரம் ஓடி நின்றுவிடும், ஆறியதும் மீண்டும் கிளம்பும். இதைக் கரையில் ஆறிய நிலையில் எத்தனை அளந்தாலும் எண்கள் சரியாகவே வரும். சூட்டில் சுருளின் நுண்கம்பி விரிந்து எங்கோ விட்டுப்போகிறது, அல்லது காப்பு இளகிச் சுற்றுக்குச் சுற்று தொடுகிறது. மோட்டார் நின்ற அந்த நிமிடத்திலேயே மேல்மூடியைத் திறந்து சார்ஜ் காயில், பல்சர், இக்னிஷன் காயில் மூன்றையும் அளந்து எழுதிவையுங்கள். ஆறிய பிறகு மீண்டும் அளந்து ஒப்பிடுங்கள். பத்து இருபது விழுக்காடு மாற்றம் வெப்பத்தின் இயல்பு. இரண்டு மடங்காவதோ திறந்த சுற்றாவதோ பழுது. குளிர்விக்கும் நீர் சரியாக வெளியேறுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பாருங்கள்.

சிடிஐயின் முறை

புதிய பிளக், நல்ல கேப், சுத்தமான எர்த், பிரித்துவைத்த ஸ்டாப் வயர், கையேட்டு அளவில் வரும் சார்ஜ் காயில், பல்சர், நலமான இக்னிஷன் காயில் எல்லாம் இருந்தும் பொறி 9 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்றால், இப்போது சிடிஐயைக் குற்றம் சொல்லலாம். அடாப்டர் இருந்தால் சிடிஐயிலிருந்து காயிலுக்குப் போகும் வயரில் உச்ச வோல்ட்டை அளங்கள். உள்ளே வருவது சரியாக இருந்து வெளியே போவது குறைந்தால் சந்தேகத்துக்கு இடமில்லை. சிடிஐயின் கால்களுக்கு இடையே ஓம் பார்த்து முடிவெடுக்கும் அட்டவணைகள் சில கையேடுகளில் உண்டு. அவற்றின் எண்கள் மீட்டருக்கு மீட்டர் மாறுவதால் நான் அவற்றைச் சார்ந்து வாங்கச் சொல்லமாட்டேன். முடிந்தால் அதே மாடல் மோட்டார் வைத்திருப்பவரிடம் ஒரு மணி நேரம் சிடிஐயைக் கடனாகக் கேட்டு மாட்டிப் பாருங்கள். ஒன்று: சந்தேகமான காயில்களைத் தீர்க்காமல் கடன் பெட்டியை மாட்டாதீர்கள், பழுதான காயில் நல்ல சிடிஐயையும் கெடுக்கக்கூடும்.

கடலில் ஓட்டிப் பார்ப்பது

டிரம் தண்ணீரில் சீராக ஓடுவது போதாது. பாரத்தோடு முழுதாக முறுக்கும்போதுதான் சிலிண்டர் நிறையக் கலவை ஏறி, பிளக்கின் மின்னழுத்தத் தேவை உச்சத்துக்குப் போகிறது. கரைக்கு அருகில், இன்னொரு படகின் பார்வையில், இருவர் ஏறிய படகை முழு வேகத்தில் பதினைந்து நிமிடமாவது ஓட்டுங்கள். சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி இன்னும் சிறிது நேரம் ஓட்டி, மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு, ஸ்டாப் பொத்தானாலும் உயிர்க்கயிற்றாலும் தனித்தனியே நிறுத்திப் பாருங்கள். சூடான நிலையில் ஓரிரு இழுப்பில் திரும்பக் கிளம்ப வேண்டும்.

படகில் காற்றுப் புகாத ஒரு டப்பாவில் இடைவெளி சரிபார்த்த இரண்டு பிளக்குகள், பிளக் ஸ்பேனர், ஒரு கேப், உயிர்க்கயிற்றுக்கு மாற்றுக் கிளிப், துண்டு எமரி பேப்பர், கழற்றும் வயருக்குச் சுற்ற டேப், ஸ்டார்ட்டர் போனால் பிளைவீலில் சுற்றி இழுக்க ஒரு கயிறு இவை எப்போதும் இருக்கட்டும். உங்கள் மோட்டாரில் ஸ்டாப் வயர் எந்த நிறம், எந்த இணைப்பில் கழலும் என்பதை அந்த டப்பாவின் மூடியிலேயே அழியாத மையில் எழுதி ஒட்டிவிடுங்கள்.